முக்கால் வட்டியும் ஐந்து பட்டன்களும்: வீட்டுக்கடன் தவணையை நீங்களே கணக்குப் போடும் வழி

தங்கை திருச்சியிலிருந்து போன் செய்தாள். 50 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறார்கள். கையில் 10 லட்சம் இருக்கிறது, மீதி 40 லட்சம் வீட்டுக்கடன். வட்டி 9 சதவீதம், 20 வருடம். “மாசம் 36 ஆயிரம் கிட்ட வரும்னு சொல்றாங்க அண்ணா, சரிதானா?” என்று கேட்டாள்.

சரிதான். வங்கியில் சொன்ன தொகையில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு அவள் கையெழுத்துப் போடக் கிளம்பிவிடுவாளே என்றுதான் எனக்குக் கவலை. 20 வருடம் கட்டப்போகிற கடனில் மாதத் தவணை என்பது ஒரு எண் மட்டுமே. ஐந்து வருடம் கழித்து எவ்வளவு பாக்கி நிற்கும், வட்டி ஏறினால் என்ன ஆகும், நடுவில் கொஞ்சம் பணம் கட்டினால் எத்தனை மாதம் குறையும் என்பதெல்லாம் அதைவிடப் பெரிய விஷயங்கள். மாப்பிள்ளை எப்போதோ சிஎஃப்ஏ என்ற நிதித்துறைத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தபோது வாங்கிய ஃபைனான்ஷியல் கால்குலேட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லி, போனிலேயே ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். அதையே இங்கே எழுதுகிறேன். கணக்கில் பயம் உள்ளவர்களும் செய்யலாம். நான்கு எண்களைத் தட்டினால் ஐந்தாவதை அது சொல்லிவிடும், அவ்வளவுதான்.

முதலில் கால்குலேட்டர் இல்லாமல் ஒரு கணக்கு

நம் ஊரில் வட்டியை வருடச் சதவீதத்தில் யாரும் பேசுவதில்லை. “நூத்துக்கு ரெண்டு வட்டி”, “ஒன்றரை வட்டி” என்றுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பது அதன் பொருள். ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அப்படிப் பார்த்தால் 9 சதவீத வீட்டுக்கடன் என்பது முக்கால் வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் 75 பைசா.

40 லட்சத்தில் 40 ஆயிரம் நூறு ரூபாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 75 பைசா என்றால் 30,000 ரூபாய். முதல் மாத வட்டி இதுதான். மளிகைக்கடை கால்குலேட்டரிலும் பார்க்கலாம்: 40,00,000 × 9 ÷ 1200. தவணை 36 ஆயிரம் என்றால், முதல் மாதம் அசலில் கழிவது வெறும் 6 ஆயிரம். மீதி அத்தனையும் வட்டி. இதைச் சொன்னதும் தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை.

வீட்டுக்கடன் கணக்கு முழுவதும் இதுதான். ஒவ்வொரு மாதமும் பாக்கி நிற்கும் அசலுக்கு முக்கால் வட்டி போடுவார்கள். தவணையில் வட்டி போக மிஞ்சுவது அசலைக் குறைக்கும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், அசலுக்குப் போகும் பங்கு கூடும். இதை 240 முறை திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத்தான் ஃபைனான்ஷியல் கால்குலேட்டர் நொடியில் முடிக்கிறது.

ஐந்து பட்டன்கள்

தங்கை வீட்டில் இருந்தது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிஏ டூ பிளஸ். சிஎஃப்ஏ தேர்வு எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருப்பார்கள். அதனால் இந்த மாடலை வைத்தே சொல்கிறேன், மற்றவற்றைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஐந்து பட்டன்கள் அடுத்தடுத்து இருக்கும். ‘என்’ என்பது மொத்தத் தவணைகளின் எண்ணிக்கை. ‘ஐ/ஒய்’ என்பது வருட வட்டிச் சதவீதம். ‘பிவி’ என்பது இன்றைக்கு உள்ள தொகை, நமக்கு அது கடன் தொகை. ‘பிஎம்டி’ மாதத் தவணை. ‘எஃப்வி’ கடைசியில் மிஞ்சும் தொகை. கடன் முழுவதும் தீர வேண்டும் என்றால் அது பூஜ்யம்.

இடது மேல் மூலையில் ‘சிபிடி’ என்று ஒரு பட்டன் இருக்கும். ‘கண்டுபிடி’ என்று கட்டளையிடும் பட்டன் அது. அதற்கு அடியில் ‘செகண்ட்’ பட்டன். ஒவ்வொரு பட்டனுக்கும் மேலே சின்ன எழுத்தில் இன்னொரு வேலை எழுதியிருக்கும், அது வேண்டுமென்றால் முதலில் செகண்ட் பட்டனைத் தட்ட வேண்டும்.

ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு வரும் பணம் வரவு, அது பிளஸ். கையை விட்டுப் போகும் பணம் செலவு, அது மைனஸ். கடன் தொகை கைக்கு வருகிறது, ஆகவே பிளஸ். தவணை கையை விட்டுப் போகிறது, ஆகவே மைனஸ். இந்த வரவு செலவுக் குறியை மாற்றிப் போட்டால் கால்குலேட்டர் குழம்பிவிடும். புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

தயார் செய்வது

முதல் வேலை, வருடத்துக்கு 12 தவணை என்று கால்குலேட்டருக்குச் சொல்வது. இதை ஒருமுறை செய்தால் போதும்.

செகண்ட், ‘பி/ஒய்’ (ஐ/ஒய் பட்டனுக்கு மேலே எழுதியிருப்பது), 12, என்டர். பிறகு செகண்ட், ‘க்விட்’.

இரண்டாவது வேலை, பழைய எண்களைத் துடைப்பது. திரையில் பூஜ்யம் தெரிகிறதே என்று நம்பிவிட வேண்டாம். ஐந்து பட்டன்களுக்கும் தனித்தனி ஞாபகம் உண்டு, கால்குலேட்டரை அணைத்துப் போட்டாலும் அதில் போட்ட எண்கள் அப்படியே இருக்கும். ஆகவே ஒவ்வொரு புதுக் கணக்குக்கும் முன்னால் செகண்ட், ‘சிஎல்ஆர் டிவிஎம்’. எஃப்வி பட்டனுக்கு மேலே அது இருக்கும். ஐந்தும் பூஜ்யமாகிவிடும். நாம் போட்ட 12 மட்டும் அழியாது. கால்குலேட்டரை முழுவதுமாக ரீசெட் செய்தால் 12-ஐ மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு: தவணை எவ்வளவு?

240 தட்டி ‘என்’.
9 தட்டி ‘ஐ/ஒய்’.
4000000 தட்டி ‘பிவி’.
0 தட்டி ‘எஃப்வி’.
பிறகு ‘சிபிடி’, ‘பிஎம்டி’.

திரையில் −35,989.04 என்று வரும். மைனஸ் இருப்பது தப்பல்ல. மாதம் 35,989 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகும் என்பதைத்தான் அது சொல்கிறது.

சைபர்களைக் கவனமாக எண்ணுங்கள். இந்தக் கால்குலேட்டர் நம்மைப் போல லட்சத்தில் கமா போடாது, மூன்று மூன்று இலக்கமாகப் போடும். 40 லட்சம் அதில் 4,000,000 என்று தெரியும். நாலுக்குப் பின்னால் ஆறு சைபர்.

விடை வேறு மாதிரி வந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தவணை 3,60,000 என்று வந்தால் பி/ஒய் இன்னும் 1-லேயே இருக்கிறது. 35,721.13 என்று வந்தால், தவணை மாத ஆரம்பத்திலேயே கட்டப்படுவதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. திரையின் மேல் ஓரத்தில் ‘பிஜிஎன்’ என்று சின்னதாகத் தெரியும். செகண்ட், ‘பிஜிஎன்’, செகண்ட், ‘செட்’, செகண்ட், ‘க்விட்’ என்று தட்டினால் அது போய்விடும். வீட்டுக்கடன் தவணை மாத முடிவில் கட்டுவதாகவே கணக்கு.

வங்கி சொல்லும் தொகை உங்கள் விடையிலிருந்து சில ரூபாய் தள்ளி இருக்கலாம். பைசாவை முழு ரூபாயாக்குவார்கள், சிலர் தினசரி நிலுவையை வைத்து வட்டி போடுவார்கள். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தால் மட்டும் விடாதீர்கள், காரணம் கேளுங்கள். காப்பீட்டு பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருக்கலாம்.

வேறு கால்குலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு

1981-ல் வந்து இன்னமும் ஆட்கள் விரும்பி வைத்திருக்கும் ஹெச்பி 12சி-யில் ‘சிபிடி’ கிடையாது. நான்கு எண்களைப் போட்டுவிட்டு ஐந்தாவது பட்டனை நேரடியாகத் தட்டினால் விடை வரும். வட்டியை மட்டும் மாதக் கணக்காக்கிக் கொடுக்க வேண்டும். 9 தட்டி, நீல நிற ‘ஜி’ பட்டன், பிறகு ‘ஐ’ பட்டனைத் தட்டினால் அதுவே 12-ஆல் வகுத்து முக்கால் ஆக்கிக்கொள்ளும். இந்தக் கால்குலேட்டர் மாதங்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது பின்னத்தை அடுத்த முழு எண்ணாக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காசியோ எஃப்சி-200வி-யில் ‘சிஎம்பிடி’ என்ற பட்டனைத் தட்டினால் ஐந்தும் திரையிலேயே வரிசையாக வரும். அம்புக்குறியால் நகர்ந்து எண்களைப் போட்டு, வேண்டியதன் மேல் நின்று ‘சால்வ்’ தட்ட வேண்டும். கால்குலேட்டரே இல்லையென்றால் எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் பிஎம்டி, என்பிஇஆர் (‘என்’), பிவி, ரேட் (வட்டி) என்ற பெயர்களில் ஃபார்முலாக்கள் இருக்கின்றன. அங்கே வட்டியை 9%/12 என்று போட வேண்டும்.

கேள்வியைத் திருப்பிக் கேட்பது

இந்த ஐந்து பட்டன்களின் அருமை இங்கேதான் இருக்கிறது. எந்த நான்கைக் கொடுத்தாலும் ஐந்தாவது வரும். “40 லட்சத்துக்குத் தவணை எவ்வளவு” என்பது வங்கி சொல்லித்தரும் கேள்வி. நம் வீட்டுக் கேள்வி வேறு: “பள்ளிக்கூடக் கட்டணம், அம்மாவின் மருந்து, மளிகை எல்லாம் போக எங்களால் மாதம் 30 ஆயிரம்தான் முடியும். எவ்வளவு கடன் வாங்கலாம்?”

அழித்துவிட்டு, 240 ‘என்’, 9 ‘ஐ/ஒய்’, 30000 தட்டி, அதை மைனஸாக்க ‘+/−’ தட்டி ‘பிஎம்டி’, 0 ‘எஃப்வி’, ‘சிபிடி’, ‘பிவி’. விடை 33,34,348.62. ஆக 33 லட்சத்து 34 ஆயிரம்தான் தாங்கும். 40 லட்சம் வேண்டுமென்றால் ஆறே முக்கால் லட்சம் போலக் கையிலிருந்து கூடுதலாகப் போட வேண்டும், இல்லையென்றால் சின்ன வீடாகப் பார்க்க வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 40 லட்சம் என்பது அந்த உச்சவரம்பேதான். பத்திரச் செலவுக்கும் நம் கையில்தான் பணம் இருக்க வேண்டும்.

இதே இடத்தில் ஒன்று செய்து பாருங்கள். 40 லட்சம் கடனுக்கு 30 ஆயிரம் தவணை என்று போட்டு, ‘என்’ எவ்வளவு என்று கேளுங்கள். கால்குலேட்டர் விடை தராது, பிழை என்று காட்டும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: மாத வட்டியே 30 ஆயிரம். அசலுக்கு ஒரு பைசாகூடப் போகாது, ஆயுசுக்கும் கட்டினாலும் 40 லட்சம் 40 லட்சமாகவே நிற்கும். தவணைக்கும் முதல் மாத வட்டிக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் கடனின் உயிர். தங்கையின் கடனில் அது 5,989 ரூபாய். இந்த எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

காலத்தை மாற்றிப் பார்ப்பதும் இப்படித்தான். ‘என்’னில் 180 போட்டால், அதாவது 15 வருடம் என்றால், தவணை 40,570.66. மாதம் 4,582 ரூபாய் அதிகம். ஆனால் 20 வருடத்தில் மொத்த வட்டி 46 லட்சத்து 37 ஆயிரம், 15 வருடத்தில் 33 லட்சத்து 3 ஆயிரம். 13 லட்சத்துக்கு மேல் மிச்சம். அந்தப் பக்கம் 360 போட்டுப் பாருங்கள். 30 வருடம் ஆக்கினால் தவணை 32,184.90 ஆகிறது. மாதம் 3,804 ரூபாய் குறைவதற்காக மொத்த வட்டி 75 லட்சத்து 86 ஆயிரம் ஆகிவிடும். “தவணை குறைச்சலா இருக்கு சார், 30 வருஷமே போட்டுக்கோங்க” என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஐந்து வருடம் கழித்து எவ்வளவு பாக்கி?

தங்கை அதிகம் அதிர்ந்தது இந்தக் கணக்கில்தான். 20 வருடக் கணக்கை மறுபடி போட்டு, தவணை வந்தபின் செகண்ட், ‘அமார்ட்’ தட்டுங்கள். ‘பிவி’ பட்டனுக்கு மேலே அது இருக்கும். ‘பி1’ என்று கேட்கும், 1 போட்டு என்டர். கீழ் அம்புக்குறி. ‘பி2’ என்று கேட்கும், 12 போட்டு என்டர். மறுபடி கீழ் அம்புக்குறியைத் தட்டத் தட்ட மூன்று எண்கள் வரும். ‘பிஏஎல்’ என்பது பாக்கி, ‘பிஆர்என்’ அசலுக்குப் போனது, ‘ஐஎன்டி’ வட்டிக்குப் போனது.

முதல் வருடத்தில் அசலுக்குப் போனது 74,908. வட்டிக்குப் போனது 3,56,960. பழைய வரி முறையில் இருப்பவர்கள், தாங்களே குடியிருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 2 லட்சம் வரைதான் வட்டியைக் கழித்துக்கொள்ள முடியும். “வரிச்சலுகை இருக்கே” என்ற தைரியத்தை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது பி2-வில் 60 போடுங்கள். ஐந்து வருடம். மொத்தம் கட்டியது 21 லட்சத்து 59 ஆயிரம். அசலில் கழிந்தது 4,51,718. பாக்கி 35,48,282.

“அஞ்சு வருஷத்துல 21 லட்சம் கட்டி, நாலரை லட்சம்தான் கழியுதா?” என்றாள். ஆமாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, முக்கால் வட்டியின் கணக்கு அப்படி. பாதி அசல் எப்போது தீரும் என்றும் கேட்கலாம். ‘பிஎம்டி’ 35,989.04 மைனஸில் இருக்கட்டும், எஃப்வி-யில் 20 லட்சத்தை மைனஸில் போட்டு ‘என்’ கேளுங்கள். 167.84 வரும். 168-ஆவது தவணையில்தான், அதாவது 14 வருடம் கட்டிய பிறகுதான், பாக்கி 20 லட்சத்துக்குக் கீழே இறங்குகிறது. பார்த்து முடித்ததும் எஃப்வி-யை மறக்காமல் பூஜ்யமாக்குங்கள்.

வட்டி ஏறினால்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நானே இதில் அடிபட்டவன். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. ரெப்போ ஏறினால் நம் வட்டியும் ஏறும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவீதம். அப்போது என் தவணை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். மறு வருடம் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தபோதுதான், கடன் முடியும் தேதி நான் ஓய்வு பெறும் வருடத்தையும் தாண்டிப் போயிருந்தது தெரிந்தது. தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டியிருந்தார்கள்.

தங்கையின் கணக்கில் அதே இரண்டரை சதவீதத்தைப் போட்டுப் பார்த்தோம். ஐந்து வருடம் முடிந்திருக்கிறது, பாக்கி 35,48,282, இன்னும் 180 தவணை இருக்க வேண்டும். வட்டி 11.5 ஆகிறது.

அழித்துவிட்டு, 11.5 ‘ஐ/ஒய்’, 3548282 ‘பிவி’, 35989.04 ‘+/−’ ‘பிஎம்டி’, 0 ‘எஃப்வி’, ‘சிபிடி’, ‘என்’. விடை 303.82.

180 இருந்த இடத்தில் 304 தவணை. 15 வருடம் 25 வருடம் ஆகிவிட்டது, அதற்கு மேலும் நாலு மாதம். தங்கைக்கு இப்போது 39 வயது. 59-ல் முடிய வேண்டிய கடன் 69-ல் முடியும். இத்தனைக்கும் மாதத் தவணையில் ஒரு மாற்றமும் தெரியாது.

இப்போது காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் கேளுங்கள். 180 ‘என்’, ‘சிபிடி’, ‘பிஎம்டி’. விடை 41,450.67. மாதம் 5,462 ரூபாய் கூடக் கட்டினால் பழைய தேதியிலேயே முடித்துவிடலாம். முழுவதும் முடியாவிட்டாலும் நடுவில் ஒரு தொகையைப் போட்டு ‘என்’ எங்கே வருகிறது என்று பார்த்துத் தீர்மானிக்கலாம். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன் வாங்கியவருக்குத் தேர்வு கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கேட்பதற்கு உரிமை இருக்கிறது. எந்த எண்ணைக் கேட்பது என்பது கால்குலேட்டரில் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். கடன் ஆரம்பித்த உடனேயே வட்டி 11.5 ஆனால் முதல் மாத வட்டி 38,333. தவணையே 35,989தான். அந்த 5,989 ரூபாய் இடைவெளி காணாமல் போய், கடன் ஏற ஆரம்பித்துவிடும். 30 வருடக் கடன் இதில் இன்னும் ஆபத்தானது, அதில் முதல் மாத இடைவெளி வெறும் 2,185 ரூபாய்தான்.

கையில் கொஞ்சம் பணம் வந்தால்

அதே ஐந்து வருட முடிவில், வட்டி 9-லேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டு முடிந்து 3 லட்சம் கைக்கு வருகிறது. அதைக் கடனில் கட்டினால்?

பாக்கி 32,48,282. அதை ‘பிவி’யில் போட்டு, 9 ‘ஐ/ஒய்’, 35989.04 மைனஸில் ‘பிஎம்டி’, 0 ‘எஃப்வி’, ‘சிபிடி’, ‘என்’. விடை 151.22. கிட்டத்தட்ட 29 தவணைகள் குறைகின்றன. 3 லட்சம் கட்டியதால், பின்னால் கட்ட வேண்டிய பத்து லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய் இல்லாமல் போகிறது. மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வாங்கக் கூடாது. பணம் கட்டும்போது “தவணையைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள்” என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

சொன்ன வட்டிதான் உண்மையான வட்டியா?

‘ஐ/ஒய்’யையும் கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 40 லட்சம் கடனில் பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்து, மதிப்பீடு என்று 40 ஆயிரம் போய்விட்டால், கைக்கு வருவது 39,60,000தான். அதை ‘பிவி’யில் போட்டு, 240, 35,989.04 மைனஸில், எஃப்வி பூஜ்யம் என்று கொடுத்து ‘ஐ/ஒய்’ கேட்டால் 9.14 வரும். கடன் வாங்குவதற்கு ஆகும் உண்மை விலை அது. 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் (தனி ஆட்கள் வாங்கும் கடன்) எதுவானாலும் இந்த வருடாந்தர மொத்தச் சதவீதத்தை முக்கிய விவர அறிக்கை என்ற தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது விளம்பர வட்டியை விட்டுவிட்டு அந்தத் தாளில் உள்ள எண்ணை ஒப்பிடுங்கள்.

உள்வேலைக்கும் மராமத்துக்கும் வெளியே கடன் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். “5 லட்சம், மூணு வருஷம், ஃப்ளாட் 8 பர்சன்ட்” என்பார்கள். 5 லட்சத்துக்கு வருடம் 40 ஆயிரம் வீதம் மூன்று வருடத்துக்கு 1,20,000 வட்டி. ஆக 6,20,000-ஐ 36-ஆல் வகுத்து மாதம் 17,222 ரூபாய். கேட்க மலிவாக இருக்கிறது. 36 ‘என்’, 500000 ‘பிவி’, 17222.22 மைனஸில் ‘பிஎம்டி’, எஃப்வி பூஜ்யம், ‘ஐ/ஒய்’ கேளுங்கள். 14.55. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் முழு 5 லட்சத்துக்கும் கடைசிவரை வட்டி போடுகிறார்கள். முக்கால் வட்டியைவிடக் குறைவாகத் தெரிந்தது உண்மையில் ஒன்றேகால் வட்டியை நெருங்கிவிடுகிறது.

வருடத்துக்கு ஒருமுறை

தங்கை கடைசியில் 17 வருடத்துக்கு, அதாவது 204 தவணைக்கு, கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளும் மாப்பிள்ளையும் தீர்மானிக்க வேண்டியது. நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துவைத்து, கட்டிய தவணை எண்ணிக்கையை பி2-வில் போட்டு, வரும் பாக்கியை ஸ்டேட்மென்ட்டில் உள்ள பாக்கியோடு ஒப்பிட வேண்டும். வருட நடுவில் வட்டி மாறியிருந்தால் ஒரே ஓட்டமாகப் போட முடியாது. மாறிய மாதம் வரை ஒரு கணக்கு. அப்போது வரும் பாக்கியைப் புதிய ‘பிவி’யாக, புது வட்டியோடு அடுத்த கணக்கு. வித்தியாசம் சில நூறு என்றால் விட்டுவிடலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால், வட்டி மாறிய தேதிகளின் பட்டியலையும் இப்போது மிச்சமிருக்கும் தவணைகளின் எண்ணிக்கையையும் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கி, அதே ஐந்து பட்டன்களில் மறுபடி போட்டுப் பாருங்கள்.